குளிர்ந்த கட்டி

எந்திரத்துக்குள் ஒரு பெண் இருக்கிறாள்.
மூச்சை அடக்கு என்று இந்தியில் சொல்வாள்.
கடலூர் பெரியாஸ்பத்திரியில்
அவள் பேச்சு யாருக்குப் புரியும்?
அவளை அணைத்துவிட்டு நானே சொல்கிறேன்,
ஒரு நாளைக்கு நாற்பது தடவை:
மூச்சை இழுத்துப் பிடிங்க.
விடாதீங்க.
ம், விடலாம்.

தேசப்பன் விடச் சொல்லியும் விடவில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பதறிப்போய் மறுபடி மைக்கை அழுத்தினேன்.
"சின்ன வயசுல, விசிறியில வலை சுத்திக்கிட்டா
முங்கி அறுக்கிறது நான்தாம்மா" என்றார்.
இப்போது துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
கொக்கி போட்டுப் பாளம் இழுக்கிறார்.

பாளம் இடித்த வீக்கம் என்றுதான் நினைத்தாராம்.
இடது விலாவின் மேல், எலுமிச்சை அளவு.
ஐந்து மாதத்தில் அது சாத்துக்குடி.
சிவக்கவில்லை, சுடவில்லை, பெரிதாக வலிக்கவுமில்லை.
மூன்று எக்ஸ்ரே.
மூன்றிலும் நுரையீரல் துடைத்து வைத்த மாதிரி.
சளியிலும் ஒன்றுமில்லை.
கொழுப்புக் கட்டி, விட்டுவிடு என்றார் ஒருவர்.
தையல்நாயகி மட்டும்
மனதுக்குள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.
அந்தப் பெயரில்தான் அவள் தங்கை
போன வருஷம் போனது.

அல்ட்ராசவுண்டில் கருவியை வைத்து அழுத்தியதும்
உள்ளே ஏதோ கலங்கிப் புரண்டது.
திடமில்லை, திரவம்,
என்று ஹபீபுன்னிசா டாக்டர் எங்களிடம் அனுப்பினார்.

உடம்பெல்லாம் சூடு ஓடும், பயப்படாதீங்க
என்று சொல்லித்தான் மருந்தை ஏற்றினேன்.
"ஐஸுக்குப் போனதிலிருந்து இன்னிக்குத்தாம்மா
உள்ளுக்குள்ள சூடு" என்று மைக்கில் கேட்டது.
பிறகு அவர் திரையில் வந்தார்,
வஞ்சிரம் நறுக்கிய மாதிரி
துண்டு துண்டாக, கழுத்திலிருந்து வயிறு வரை.

டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.
மருந்து கட்டியின் ஓரத்தில் மட்டும் ஏறி
ஒரு வெள்ளை வளையம்.
நடுவில் ஏறவே இல்லை, இருட்டு.
வெளியே தெரிந்தது பாதிதான்.
விலா இடுக்கில் ஒரு குறுகிய வாசல்,
அதைத் தாண்டி, நெஞ்சுக் கூட்டின் உள்பக்கம்
இன்னொரு பை.
ஏழாம் விலாவை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.
நேராக நின்று எடுத்த எந்தப் படத்துக்கும்
காட்டாமல் வைத்திருந்த அதன் பின்விளிம்பை
எதுவோ கொறித்திருந்தது.

"குளிர்ந்த சீழ்க்கட்டி மாதிரி இருக்கு.
ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாதான் சொல்ல முடியும்."
தேசப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டார்:
"குளிர்ந்ததா? அதுவும் ஐஸா?"

தயிர்த் திப்பியாக வந்ததைச் சோதனைக்கு அனுப்பி
மறுநாள் மதியம் முடிவு வந்தது.
"அப்ப, அது இல்லையா?" என்றாள் தையல்நாயகி.
இல்லம்மா, காசநோய்.
ஆறு மாசம் மாத்திரை, அதுக்கு மேலும் ஆகலாம்.
காசநோய் என்று கேட்டு ஒரு பெண் சிரித்ததை
இந்தப் பதினொரு வருஷ வேலையில்
அன்றுதான் பார்த்தேன்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்,
என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி:
"தட்டு, டம்ளரு தனியா வைக்கணுமா?"

படம் எடுப்பது என் வேலை.
படிப்பது இல்லை. சொல்வது இல்லவே இல்லை.
வேண்டாம் என்றேன்.
டாக்டரையும் கேட்டுக்கங்க என்றேன் அப்புறம்.

மூன்றாம் நாள் போன் செய்தார்கள்,
ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகிறதென்று.
மாத்திரைதான், பயப்படாதீங்க.
நடுவில் ஒரு முறை விட்டுவிட்டார், பருவத்து நெரிசலில்.
அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

மழை பிடித்த ஒரு ஐப்பசிக் காலையில்
அதே பலகையில் மறுபடி படுத்தார்.
பைகள் இரண்டும் வற்றிப் போயிருந்தன.
ஏழாம் விலாவில் ஒரு பள்ளம் மட்டும், ஓரம் இறுகி.
மூச்சை இழுத்துப் பிடிங்க என்றிருந்தேன்.
வரிசையாகத் துண்டுகள் வந்துகொண்டிருந்தன.
எப்போது முடிந்தது என்று கவனிக்கவில்லை.
மைக்கில் அவர்தான் சொன்னார்:
"விடலாம்மா. நீங்களும்."